நாலாவது டேக்

என் வீட்டு டீ நன்றாக இருக்கும் என்று ஆம்பூரில் என்னைத் தெரிந்த எல்லோரும் சொல்வார்கள். பாட்டுக்கென்று கூப்பிட்ட வீட்டில் வந்தவர்கள் டீயைப் பாராட்டினால் அதற்கு என்ன அர்த்தம் என்பது எனக்கு உறைக்க மூன்று வருடம் ஆனது. நான் கொஞ்சம் மந்தம்தான்.

இன்ஸ்பெக்டர் மேடம், நீங்கள் நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றீர்கள். நான்தான் கூடுதலாகத் தாள் கேட்டு வாங்கினேன். எனக்குச் சுருக்கமாக முடிக்க வராது. பாட்டிலும் அப்படித்தான், மற்றவர்கள் பல்லவியை முடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது நான் இன்னும் பாடிக்கொண்டிருப்பேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் அண்ணன் ஆதிகேசவன் என் வீட்டில் மூச்சு நின்று செத்துப்போனார். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். டீயில் ஆரம்பித்ததற்கு மன்னிக்கவும்.

என் பெயர் கன்னியப்பன். வயது நாற்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை, முயற்சி செய்யாமல் இல்லை. ஷூ கம்பெனியில் தோல் செலக்‌ஷன் பார்க்கிறேன். பதனிட்டு வருகிற தோலை மேசையில் விரித்து, உள்ளங்கையால் தடவி, எங்கே உண்ணி கடித்த தடம், எங்கே முள் கிழித்த தழும்பு, எங்கே நரம்பு ஓடுகிறது என்று பார்த்து வெள்ளிப் பேனாவால் வட்டம் போடுவது என் வேலை. இருபத்திரண்டு வருடமாக மாட்டின் குறைகளைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறேன். என் குறையைக் கண்டுபிடிக்க என்னைவிடக் கெட்டிக்காரர்கள் வேண்டியிருந்தது.

அவர்கள் மூன்று பேர். சமீருல்லா வாணியம்பாடி ஆள், தோல் பதனிடுகிற டேனரிகளுக்குக் கெமிக்கல் விற்கிறான். அவன் பாட ஆரம்பித்தால் தெருவில் போகிறவன் வண்டியை நிறுத்துவான். ஜெயப்பிரகாஷ் ரயில்வேயில் இருக்கிறான், ஜோலார்பேட்டையிலிருந்து கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டி பிடித்து வருவான். வசந்த் எங்கள் கம்பெனியில் டிசைன் பிரிவு, உட்கார்ந்துகொண்டு தட்டுகிற ஒரு மரப்பெட்டி வைத்திருக்கிறான். ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு என் ஹாலில் கூடுவோம். ஏன் என் ஹாலில் என்றால், ஏசி இருக்கிறது, குழந்தைகள் இல்லை, மைக்கும் ஸ்டாண்டும் ஸ்பீக்கரும் நான் வாங்கி வைத்திருக்கிறேன். அவர்கள் மூன்று பேருக்கும் சங்கீதம் இருந்தது. என்னிடம் பிளக் பாயிண்ட் இருந்தது.

எனக்கு முதலில் ஒரு ஷேக்கர் கொடுத்தார்கள். முட்டை மாதிரி இருக்கும், உள்ளே மணல், குலுக்கினால் போதும். ஆறாவது வாரம் வசந்த் அதை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, அண்ணே, டீ போடுறீங்களா என்றான். நான் போய்ப் போட்டேன். கோபமெல்லாம் இல்லை. இஞ்சியைக் கொஞ்சம் ஜாஸ்தியாகத் தட்டினேன், அவ்வளவுதான்.

ஹாலுக்கு அடுத்த அறையில் அண்ணன் இருந்தார். நடுவில் ஒரு சுவர். அவர் கட்டில் அந்தச் சுவரை ஒட்டியே கிடந்தது. முப்பத்தைந்து வருடம் டேனரியில் டிரம் வேலை பார்த்தவர். சுண்ணாம்பு, ஆசிட், தோல்தூசி எல்லாம் நெஞ்சுக்குள் போய்த் தங்கிவிட்டது. அண்ணி போன பிறகு நான்தான் அழைத்து வந்து வைத்துக்கொண்டேன். இதை எனக்குச் சாதகமாக எழுதுவதாக நினைக்க வேண்டாம். அவர் என்னை வளர்த்தவர். என்னை டேனரிப் பக்கமே விடாமல் டிப்ளமா படிக்க வைத்தவர். அவர் ஈரத்தோல் சுமந்ததால்தான் நான் காய்ந்த தோலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டு வருடமாக அவருக்கு ஆக்சிஜன் மெஷின். கரண்டில் ஓடுவது. சூடும் சத்தமும் தாங்காமல் அதைச் சமையலறைக்குப் போகிற வழியில் வைத்து, நீளக் குழாய் போட்டு அவர் மூக்குக்குக் கொண்டுபோயிருந்தோம். சுவிட்ச் அந்த வழியில்தான். கட்டிலிலிருந்து எட்டடி இருக்கும். உங்களுக்கும் எனக்கும் எட்டடி ஒன்றுமில்லை. குழாய் இல்லாமல் அவருக்கு அது திருப்பத்தூர் போய் வருகிற தூரம்.

அவருக்குக் கூப்பிட மூச்சு போதாது. ஒரு எவர்சில்வர் டம்ளரால் சுவரில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு என்றால் பாத்ரூம். இது வீட்டில் ஏற்பட்ட பழக்கம். மூன்று தட்டு மட்டும் டேனரியிலிருந்து வந்தது. அங்கே மரத்தில் செய்த பெரிய டிரம்கள் இருக்கும், ஒரு சின்ன அறை அளவு. தோல் உள்ளே சிக்கிக்கொண்டால் ஆள் உள்ளே இறங்கித்தான் எடுக்க வேண்டும். வெளியே இருப்பவன் தெரியாமல் சுவிட்சைப் போட்டால் உள்ளே இருப்பவன் தோலோடு தோலாகச் சுற்றவேண்டியதுதான். அதனால் உள்ளே இருக்கிறவன் பலகையில் மூன்று தட்டு தட்டுவான். ஆள் இருக்கேன், நிறுத்து என்று அர்த்தம். அதைக் கேட்டால் முதலாளியே வந்து சொன்னாலும் யாரும் சுவிட்சில் கை வைக்க மாட்டார்கள்.

அண்ணனுக்கு நல்ல காது. டிரம் சுற்றுகிற சத்தத்தை வைத்தே உள்ளே தோல் பதமாகிவிட்டதா என்று சொல்வார் என்று டேனரியில் பேசிக்கொள்வார்கள். சுருதி என்ற சொல்லே அவருக்குத் தெரியாது, ஆனால் சுருதி விலகினால் தெரியும். நான் ஹாலில் வாயைத் திறந்து தப்பாகப் பாடினால் சுவரில் ஒரு தட்டு விழும். முதல் தடவை நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் டம்ளரை ஆட்டிக் காட்டிச் சிரித்தார், அதில் தண்ணீர் நிறைய இருந்தது. ஹாலில் சமீருல்லா தரையில் உருண்டான். "அரே, அண்ணன் மார்க் போட்டுட்டாருடா," என்றான்.

அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. நான் பாடுவேன், தட்டு விழும், மூன்று பேரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ரொம்ப நன்றாகச் சிரிப்பேன், பயிற்சி இருந்தது. தங்கமான அண்ணன்டா உனக்கு என்று ஜெயப்பிரகாஷ் போகும்போதெல்லாம் அவர் காலைத் தொட்டுவிட்டுப் போவான். என்னிடம் டீ சூப்பர் என்று சொல்லிவிட்டுப் போவான்.

இந்த வருட ஆரம்பத்தில் அவர்களே ஒரு பாட்டுப் போட்டார்கள். ஜெயப்பிரகாஷ் வார்த்தை எழுதினான், இறங்க வேண்டிய ஸ்டேஷனில் தூங்கிப்போனவனைப் பற்றி. வசந்த் மெட்டு. அதைப் பதிவு செய்யலாம் என்றபோதுதான் மெஷின் பிரச்சினை ஆனது. அது ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருக்கும், நடுநடுவே புஸ் என்று மூச்சு விடும். அந்த உறுமல் எந்தப் பாட்டோடும் சேராது. கதவை மூடினாலும் மைக்கில் வந்தது.

குளிக்க, சாப்பிடப் பத்து நிமிடம் வரை மெஷினை நிறுத்தலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் அண்ணனிடம் போய், பதிவு பண்ணும்போது ஒரு பாட்டு நேரம் நிறுத்தட்டுமா என்று கேட்டேன். அவர் உடனே சரி என்றார். "தாங்கலன்னா மூணு தட்டு தட்றேன், போட்ரு," என்றார். அவ்வளவுதான் ஒப்பந்தம். தெளிவானது. எங்களுக்குள் எந்தக் குழப்பமும் இருக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நண்பர்களிடம் டாக்டர் ஒரு மணி நேரம் அனுமதித்திருக்கிறார் என்று சொன்னேன். பத்து நிமிடத்தை அறுபதாக்கியது நான். சரியாகச் சொன்னால் சமீருல்லா பதிவையே நிறுத்திவிடுவான், அவனுக்கு அண்ணன்மேல் அவ்வளவு மரியாதை. அடுத்த வாரமே எல்லோரும் வசந்த் வீட்டு மாடிக்குப் போய்விடுவார்கள். அங்கே டீ போட வசந்தின் மாமியார் இருக்கிறார். எனக்கு அங்கே என்ன வேலை?

முதல் பதிவன்று ஏழாவது நிமிடம் மூன்று தட்டு விழுந்தது. நான் போய் சுவிட்சைப் போட்டேன், இரண்டு நிமிடத்தில் அவர் முகம் தெளிந்துவிட்டது. திரும்பி வந்தால் மூன்று பேரும் என்னைப் பார்க்கிறார்கள். அண்ணன் இன்னா சொல்றாரு என்றான் சமீருல்லா. நான் யோசிக்கவே இல்லை. "ஒன்ஸ் மோர் கேக்குறாரு," என்றேன். அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வசந்துக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நான் சொன்ன பொய்களில் அவ்வளவு பேரைச் சந்தோஷப்படுத்தியது வேறில்லை.

அந்தப் பதிவு சரியாக வரவில்லை, அடுத்ததும் வரவில்லை. வாரங்கள் போயின. ஒவ்வொரு தடவையும் மூன்று தட்டு விழும், நான் போய் சுவிட்சைப் போடுவேன், அவர்கள் சுவரைப் பார்த்துக் கும்பிடுவார்கள். ஒரு தடவைகூட நான் தாமதித்ததில்லை. அந்த ஞாயிறு வரை.

அன்று சமீருல்லாவுக்குச் சளி. மேலே போகிற சரணம் அவனுக்கு எட்டவில்லை. நாலைந்து தடவை முயன்று பார்த்துவிட்டு, கன்னியப்பா, சரணத்தை நீ பாடு என்றான். பரிதாபப்பட்டுச் சொன்னானா, வேறு வழியில்லாமல் சொன்னானா என்று நான் ஆராயவில்லை. பசித்தவன் இலையில் விழுந்ததை ஆராய்வானா? மூன்று வருடத்தில் முதல் தடவை மைக் என் உயரத்துக்கு இறக்கப்பட்டது. நான் போய் மெஷினை நிறுத்தினேன். மணி நாலு பத்து.

முதல் டேக்கில் இரண்டு தாளம் தள்ளி நுழைந்தேன். பாட்டு முடிந்ததும் மூன்று தட்டு விழுந்தது. "பாத்தியா, அண்ணனே கேக்குறாரு, இன்னொரு வாட்டி போலாம்," என்றான் சமீருல்லா. நான் எழுந்திருக்க வேண்டும். எழுந்து சுவிட்சைப் போட்டு, மறுபடி நிறுத்தினால் தாங்குகிற அளவுக்கு அண்ணன் தேறுகிறவரை இருபது நிமிடம் காத்திருந்தால் ஜெயப்பிரகாஷுக்கு வண்டிக்கு நேரமாகிவிடும். அடுத்த ஞாயிறு சமீருல்லாவின் சளி சரியாகிவிடும். இந்தக் கணக்கு என் தலையில் ஒரு நொடியில் ஓடியது. மந்தம் என்று சொன்னேன், எல்லாவற்றிலும் இல்லை.

இரண்டாவது டேக் நடுவிலேயே மூன்று தட்டு. கொஞ்சம் இடைவெளி விட்டு, மறுபடி மூன்று. வசந்த் சிரித்துக்கொண்டே பெட்டியில் அதை அப்படியே வாங்கித் தட்டினான். சுவரும் அவனும் மாறி மாறி, நாலு சுற்று இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நான் அதில் மயங்கி மறுபடி தவறவிட்டேன்.

டீக்குப் பால் வைக்கிறேன் என்று எழுந்து போனேன். மெஷின் பக்கத்தில் நின்றேன். சுவிட்சில் விரல் வைத்தேன், வைத்தது நிஜம். கதவு வழியாக அண்ணன் என்னைப் பார்த்தார். இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி உட்கார்ந்திருந்தார், தோள் ஏறி ஏறி இறங்கியது, உதடு கருத்திருந்தது. நான் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன். இன்னும் ஒரே ஒரு தடவை என்று. அவர் தலை அசைந்தது. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். மூச்சுக்கு இழுக்கிற ஆளின் தலை தானாக அசையும் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

பிறகு நான் உள்ளே போய் அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டேன். தண்ணீர் கொண்டு வருவதாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் விடவில்லை, விரல்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருந்தது. டம்ளரைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டு ஹாலுக்கு வந்து, அண்ணன் நல்லா இருக்காரு, மெஷின் வேணாம்னுட்டாரு என்றேன். சமீருல்லா மாஷா அல்லாஹ் என்றான்.

மூன்றாவது டேக்கில் ஜெயப்பிரகாஷின் கிடாரில் கம்பி அறுந்தது. மாட்டிச் சுருதி சேர்க்க ஐந்து நிமிடம். நாலாவது டேக் சரியாக வந்தது. நான் சரியாக நுழைந்தேன், மேலே போனேன், நின்றேன், இறங்கினேன். சுவர் அமைதியாக இருந்தது. முடிந்ததும், டேய், கன்னியப்பா என்று மட்டும் சொன்னான் ஜெயப்பிரகாஷ். உடனே பதிவைப் போட்டுக் கேட்டோம். முழுசாகக் கேட்டேன், நடுவில் எழுந்திருக்கவில்லை. அப்புறம் போய் முதலில் மெஷினைப் போட்டேன், அதன் உறுமல் ஹாலுக்குக் கேட்கட்டும் என்று. அப்புறம்தான் அண்ணனைத் தொட்டுப் பார்த்தேன். அப்புறம் கத்தினேன். நாலு நாற்பத்தாறு. முப்பத்தாறு நிமிடம்.

காரியத்தன்று ஜெயப்பிரகாஷ் அந்தப் பதிவுகளை அண்ணன் மகள் ஹேமலதாவின் போனுக்கு அனுப்பினான், அப்பா ஞாபகமாக வைத்துக்கொள்ளட்டும் என்று. அப்பா கடைசியாக விடாமல் ஒன்ஸ் மோர் கேட்டார் என்று சமீருல்லா அழுதுகொண்டே சொன்னான். அவள் பந்தலுக்கு வெளியே போய்க் காதில் வைத்துக் கேட்டாள். சின்ன வயதில் அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு டேனரிக்குப் போனவள், டிரம்முகளுக்கு நடுவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினவள். திரும்பி வந்து என் எதிரில் நின்றாள்.

"சித்தப்பா, இது ஒன்ஸ் மோர் இல்ல. நிறுத்துன்றது. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாதும்மா என்றேன். மறுநாள் அவள் உங்களிடம் வந்தாள்.

அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன், மனசாட்சி உறுத்துகிறது என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள், நானும் நேற்று வரை நம்பினேன். தினமும் காலையில் அந்த வெறும் கட்டிலைப் பார்க்க முடியவில்லை, அதுவும் உண்மை. அவர் இல்லாமல் எனக்கு யாரும் இல்லை. ஆனால் வழக்கு எனக்குச் சாதகமாகத்தான் இருந்தது. இன்று காலை சமீருல்லாவின் வாக்குமூலத்தை நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். நல்ல தோஸ்த், என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறான். கன்னியப்பனுக்குச் சுருதியும் தெரியாது, தாளமும் தெரியாது, ஞான சூன்யம், சுவரில் தட்டியது என்ன என்று அவனுக்குப் பிரித்துப் பார்க்கவே வராது மேடம், ஒன்ஸ் மோர் என்று அவனே நம்பியிருப்பான் என்று. வசந்தும் ஜெயப்பிரகாஷும் அதையே சொல்லியிருக்கிறார்கள். மூன்று பேரும் ஒரே மாதிரி, ஒரு வார்த்தை பிசகாமல். நீங்களும் இரக்கத்தோடு பார்த்து, கவனக்குறைவு என்று எழுதிக் கொடுங்கள் என்றீர்கள்.

அது தவறு. பதிவில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது டேக்கில், கம்பி அறுவதற்குச் சற்று முன்பு, அண்ணன் மறுபடி தட்டினார். கையில் டம்ளர் இல்லை, விரல் முட்டியால் தட்டினார். மூன்று. மூன்றாவது தட்டு பாதியில் நின்றுவிட்டது. மைக்கில் அது ஏறவில்லை. பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்த வசந்துக்குக் கேட்கவில்லை, கிடார்க்காரனுக்குக் கேட்கவில்லை, ஊரே புகழ்கிற சமீருல்லாவுக்கும் கேட்கவில்லை. பாடிக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது. கேட்டும் நான் தாளம் தவறவில்லை.

எனக்குத் தெரிந்தே, கேட்டுக்கொண்டே என் அண்ணனைச் சாகவிட்டேன். அதற்கு என்ன பிரிவோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த மூன்று பேர் சொன்னதை மட்டும் அடித்துவிடுங்கள் மேடம். எனக்குக் காது உண்டு.